கொள்ளிடத்து மடுவில் ஒரு கோடை

கொள்ளிடத்தில் அந்த முதலை விவகாரம் எழுந்தபோது நான் வனச்சரக அலுவலர். திருச்சியில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அரசுத் தேர்வெழுதி, கோவையில் பயிற்சி முடித்துப் பணிக்கு வந்தவன். அதுவரை என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணைகூட வந்ததில்லை. நான் கையெழுத்திட்டு நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் ஒன்றுகூட ஆதாரம் போதாதென்று திரும்பியதில்லை. இதையெல்லாம் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது மரபு. நான் தற்பெருமையோடுதான் சொல்கிறேன். உழைத்துச் சேர்த்த பெயரைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது.

சில வாரங்களுக்கு முன் துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் அலுவலர்கள் மூவர் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். வந்தவர்களில் ஒருவர், காபியைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "சார், முதலையைப் பிடிக்கிறப்போ முதல்ல வாயைக் கட்டணுமா, கண்ணைத் துணியால மூடணுமா?"

"முதல்ல பிடிக்கணுமான்னு கேளுங்க" என்றேன்.

சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அவர்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். எங்கோ ஒரு ஏரிக்கரையில் ஒரு முதலையைக் கயிற்றால் சுற்றிக்கட்டி, அதன் முதுகில் கைவைத்து நின்றபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே 'மீட்பு' என்று எழுதியிருந்தது. தன் வீட்டில் இருந்த ஒன்றை இழுத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதற்கு இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. மனிதரை அப்படிச் செய்தால் அதற்கு வேறு பெயர். அவர்கள் போனபின் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், மரம் அளந்தோம், சட்டம் படித்தோம். என் தொழிலை எனக்குக் கற்பித்தது மணப்பாறைப் பக்கத்துக் குன்றுகள். அங்கே தேவாங்கு கணக்கெடுப்பில் இரண்டு பருவம் இருந்தேன். தேவாங்கைப் பார்த்தேன் என்று வருகிறவர்களிடம் எல்லோரும் "எவ்வளவு பெரிசு?" என்றே கேட்பார்கள். பயந்தவர் வாயில் எல்லாம் பெரிதாகத்தான் வரும். அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். எங்கே பார்த்தீர்கள், எந்த மாதம், அது என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற நான்கை மட்டும் கேட்டேன். பணிக்காலம் முழுவதும் இந்த நான்கே என் முறை. இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர்கள் செய்த கணக்கெடுப்புகளை இன்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தபோது கொள்ளிடக் கரை என் பொறுப்பில் வந்தது. வடகரையில் ஓர் ஊர். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேமராவோடு கார்கள் போய் நிற்கும். கோடையில் கொள்ளிடம் எப்படியிருக்கும் என்று திருச்சிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய வரை மணல். நடுவே அங்கங்கே ஆழமான மடுக்கள். அந்த ஊருக்கு எதிரே அப்படியொரு மடு. மழைக்காலத்தில் ஆற்றோடு ஆறாகக் கலந்துவிடும். தை கழிந்தால் அது மட்டும் தனியாக நிற்கும். மாடு குடிப்பதும், துணி துவைப்பதும், குளிப்பதும் அதில்தான். ஊர்ப் பெண்கள் இறங்கும் பழைய படித்துறை ஒன்று அதன் கீழ்க்கரையில் இருந்தது.

நான் வருவதற்கு முந்தைய ஆண்டு, பங்குனியில், அந்தப் படித்துறையில் மாடு கழுவிக்கொண்டிருந்த ஒருவரை முதலை பாதத்தில் கடித்தது. அப்போதிருந்தவர்கள், மடுவின் நடுத்திட்டில் நாள்தோறும் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரிய ஆண் முதலையைப் பிடித்து, லாரியில் ஏற்றி, தொலைவில் ஒரு நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். பிடித்த அன்று ஊரில் வெடி போட்டார்களாம். அதன்பின் கடி இல்லை. பிடித்ததால்தான் கடி நின்றது என்று துறையும் நம்பியது, ஊரும் நம்பியது. அடுத்த மாசி முடிவில் அஞ்சலை என்ற பெண் கடிபட்டார்.

அஞ்சலை வாழைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். பாத்திரம் அலசக் குனிந்தபோது கெண்டைக்காலைக் கவ்வியது. அரசு மருத்துவமனையில் அவரைப் போய்ப் பார்த்தேன். தையல் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம் உரக்கச் சொன்னார்: "வந்துட்டாங்க பாருக்கா. கடிச்சப்புறம் வர்றதுக்குன்னே ஒரு டிபார்ட்மெண்டு."

என் கேள்விகளைக் கேட்டேன்.

"கடிச்சுட்டு உங்களை உள்ள இழுத்துச்சாம்மா?"

"இழுத்திருந்தா நான் இங்க உக்காந்து உங்களுக்குப் பதில் சொல்லுவேனா? கவ்வுச்சு, உதறுச்சு, விட்டுட்டுப் போயிருச்சு. என்னமோ நான்தான் அது வீட்டுக்குள்ள நொழைஞ்ச மாதிரி ஒரு பார்வை வேற."

"முதல்ல கடிபட்டவரு எந்த இடத்துல நின்னாரு, தெரியுமா?"

"அதே கல்லுதாங்க. அதே கல்லு."

அதே கல், ஏறத்தாழ அதே பருவம், கவ்வி விட்டுவிட்ட கடி. இரைக்காகக் கடிக்கும் முதலை விடுவதில்லை. மறுநாள் காலை படித்துறைக்கு எதிர்ப்புறத்திலிருந்து தொலைநோக்கியால் கரையைப் பார்த்தேன். கல்லுக்கு மேற்கே நாணல் புதர். அதன் பின்னால் மணற்சரிவில் வயிறு இழைந்து ஏறிய தடம் இருந்தது. சரிவின் மேல்புறத்தில் தோண்டிக் கைவிட்ட குழிகள் இரண்டு, மணல் ஈரமாக, நிறம் மாறி, மூடப்பட்ட இடம் ஒன்று. அதற்கு நேர் கீழே தண்ணீரில் இரண்டு கண்களும் மூக்கு நுனியும் அசையாமல் நின்றன. காலையில் பார்த்தபோதும் அங்கேயே. உச்சி வெயிலில் பார்த்தபோதும் அங்கேயே. அது பெண் முதலை. முட்டையிட்டுக் காவல் இருந்தது.

சென்ற ஆண்டு செய்த பிழை இப்போது விளங்கியது. எங்கள் துறையினர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. கண்ணுக்குத் தெரிந்த முதலையைக் கடித்த முதலை என்று கொண்டார்கள். திட்டில் வெயில் காய்ந்த ஆண் எவரையும் தொடவில்லை. பெரிதாக இருந்தது, எளிதில் தெரிந்தது, ஆகவே பிடிபட்டது. கடித்தது நாணலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. குஞ்சு பொரிந்து காவல் முடிந்ததும் கடியும் தானாக நின்றது. அதன் பெருமையை லாரி வாங்கிக்கொண்டது.

இதை மாவட்ட வன அலுவலரிடம் நேரில் சொன்னேன். அவர் பெயரையும் எழுதமாட்டேன். அவர் இருக்கிறார், நலமாக இருக்கட்டும். குரலை உயர்த்தாத மனிதர். எவர் பேச வந்தாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். நமக்கு முழுக் கவனத்தையும் கொடுக்கிறார் என்று புதியவர்கள் நெகிழ்வார்கள். கடிகாரத்தை எடுத்து மறுபடி கட்டத் தொடங்கினால் பேச்சு முடிந்தது என்று பொருள். பாதி வாக்கியத்தில் கட்டத் தொடங்குவார். ஒருபோதும் "கூடாது" என்று சொன்னதில்லை. வாரைத் துளையில் மாட்டும் அந்தச் சின்ன ஓசைதான் மறுப்பு.

"பொரிக்கிற வரைக்கும் அந்தக் கரைக்கு யாரும் போகக் கூடாது சார். மேல்கரையில தண்ணிக்குள்ள வேலி போட்டு இறங்க இடம் பண்ணிக் கொடுத்துடலாம். ஊருக்குள்ள பழுதாக் கிடக்கிற மோட்டாரைச் சரி பண்ணிட்டா பாதிப் பேர் ஆத்துக்கே வர மாட்டாங்க" என்றேன்.

"சித்திரையில அவங்க அம்மன் திருவிழா. அந்த மடுவுலதான் கரகத்துக்குத் தண்ணி எடுப்பாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அதுக்குள்ள பிடிச்சுடுங்க. போன வருஷம் பிடிச்சோமே, எவ்வளவு நல்ல பேர் வந்தது."

"போன வருஷம் பிடிச்சது வேற முதலை சார். இதைப் பிடிச்சா முட்டை அத்தனையும் வீணாகும். கொண்டுபோய் விட்டாலும் வந்த வழி தேடித் திரும்பும். வர்ற வழியில வாய்க்கால், வயல், குளம் எல்லாம் இருக்கு. இப்ப ஒரு கல்லுக்கிட்ட இருக்கிற ஆபத்து அப்புறம் ஊரு ஊரா நடக்கும்."

"கலெக்டர் கேக்கறார். எம்.எல்.ஏ. கேக்கறார்."

"தலைமை வன உயிரினக் காப்பாளர் கேட்டாரா சார்?"

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்து அட்டவணையின் முதல் வரிசையில் பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. மனித உயிருக்கு ஆபத்தானது என்று காரணம் காட்டி, அந்த ஒருவர் எழுத்தில் ஆணையிட்டாலொழிய அதைப் பிடிக்க எவருக்கும் அதிகாரமில்லை. மாவட்ட வன அலுவலருக்கும் இது தெரியும். கடிகாரத்தை எடுத்தார்.

"உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் எப்போ?"

"மே மாசக் கடைசி சார்."

"ஞாபகம் வெச்சுக்கோங்க."

வார் துளையில் மாட்டியது. அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு சொற்களின் பொருளை விளக்கவேண்டியதில்லை. கடைசி நாள் மாலையில் பணியிடை நீக்க ஆணை வாங்கிக்கொண்டு, மாலையும் சால்வையும் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். நான் எழுந்து சல்யூட் அடித்தேன். "எழுத்தில் ஆணை வந்தால் அன்றே பிடிக்கிறேன் சார். வாய்மொழியில் பிடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரங்களில் செய்த வேலையைத்தான் வன உயிரின மேலாண்மை என்று நான் கருதுகிறேன். அதில் பாதி நேரம் ஊராட்சி அலுவலக வாசலில் கழிந்தது. மோட்டார் சரியாகும்வரை தினமும் போய் நின்றேன். முதலையோடு ஒத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டு மக்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது திமிர்; அந்தத் திமிர் என்னிடம் இல்லை. மேல்கரையில் சவுக்குக் கம்புகளை ஆற்றுப்படுகையில் அடித்து இறக்கி, கம்பிவலை கட்டி, தண்ணீருக்குள் ஒரு பெரிய அறைபோல அடைத்தோம். வலையின் அடிவிளிம்பில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். மணல் அரித்துப்போனால் அடியில் சந்து விழும். முதலை மேலே ஏறாது, அடியில் நுழையும். ஆகவே விளிம்பை மடித்துப் புதைத்து அதன்மேல் மணல்மூட்டைகளை அடுக்கினோம். நாள்தோறும் காலையில் கம்பால் அந்த விளிம்பு முழுவதையும் நானே குத்திப் பார்த்தேன். வேறு எவரிடமும் அந்த வேலையை ஒப்படைக்கவில்லை.

ஊர் என்னைப் பாராட்டவில்லை. டீக்கடையில் என் காதுபடவே பேச்சு நடந்தது.

"மனுசனுக்குப் பிரசவம் பாக்க இங்க டாக்டர் இல்ல. முதலைக்குப் பாக்க ரேஞ்சரே வந்திருக்காரு."

"வளைகாப்பு எப்பங்க சார்? சொன்னீங்கன்னா வளையல் வாங்கியாறோம்."

"அவரு பயந்துட்டாருப்பா. போன வருசம் வந்தவங்க ஆம்பளைங்க."

இந்தக் கடைசிப் பேச்சு என்னைச் சுட்டது. மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பயம் என்று அவர்கள் நினைத்தது வேறு, எனக்கிருந்தது வேறு. வேலியைத் தாண்டி, தடையை மீறி, ஒரு குழந்தை அந்தக் கல்லில் கால் வைத்தால் பொறுப்பு என் தலையில். ஆணைக்குக் காத்திருந்தேன் என்பது அந்தத் தாயிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு காலையும் கரைக்குப் போனேன். இருந்தும் என் முடிவை மாற்றவில்லை. கண்ணால் கண்ட சான்றுகள் மாறவில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு கூண்டும் வலையும் ஏற்றிய வண்டி கரைக்கு வந்தது. பின்னாலேயே மாவட்ட வன அலுவலரும், அவருக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்களும். ஊரே கூடியது. ஆணை வந்திருக்கிறதா என்று கேட்டேன். வந்துகொண்டிருக்கிறது என்றார். வந்ததும் இறங்குகிறேன் என்றேன். கூட்டத்துக்கு முன்னால் அவர் குரலை உயர்த்தவில்லை. "கரகத்தன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பொறுப்பு சார். இத்தனை பேர் சாட்சி."

அப்போது ஊர்ப் பூசாரி ராஜலிங்கம் முன்னால் வந்தார். வயதில் என்னைவிட இளையவர், வாய் பெரியது.

"பொறுப்புன்னா எப்படி சார்? நாங்க குடத்தோட தண்ணிக்குள்ள நிப்போம், நீங்க ஜீப்புக்குள்ள உக்காந்து பொறுப்பா இருப்பீங்களா?"

கூட்டம் சிரித்தது.

"நீங்க என்ன செய்யணுங்கறீங்க?"

"கல்லு வேணாம், உங்க வேலிக்குள்ளயே எடுக்குறோம். மடு ஒண்ணுதான், ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. ஆனா நீங்க மொதல்ல எறங்கணும். முழுகி எழுந்திரிக்கணும். நீங்க எழுந்தப்புறம் நான் குடத்தை எறக்குறேன். காக்கியோட இல்ல, வேட்டியோட."

ஊன்றுகோலோடு வந்து நின்ற அஞ்சலை பின்னாலிருந்து கூவினார்: "கெண்டைக்காலைக் காட்டாதீங்க சார், அதுதான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்!"

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். சீருடையில்லாமல் பொது இடத்தில் என்னை எவரும் பார்த்ததில்லை. "சரி" என்றேன். கூண்டு வந்த வண்டி வந்தபடியே திரும்பியது.

திருவிழாக் காலையில் விடிந்ததும் விளிம்பு முழுவதையும் இருமுறை குத்திப் பார்த்தேன். நாணல் பக்கம் பார்த்தேன். இரண்டு கண்களும் தம் இடத்தில் இருந்தன. மேளம் கரைக்கு வரக்கூடாது, சாலையிலேயே நிற்கட்டும் என்று கேட்டிருந்தேன். அந்த ஒன்றை மட்டும் ராஜலிங்கம் மறுபேச்சில்லாமல் ஏற்றார். நான்கு முழ வேட்டியோடு இறங்கினேன். தண்ணீர் மார்பளவு வந்தது. கரையில் அத்தனை கைப்பேசிகளும் உயர்ந்திருந்தன. வலைக்கு அப்பால் கலங்கல் நீர். அதற்குள் எதுவும் தெரியவில்லை. மூழ்கினேன், எழுந்தேன். மறுபடி மூழ்கி எழுந்தேன். மூன்றாம் முறை எழுந்தபோது பக்கத்தில் ராஜலிங்கம் குடத்தோடு நின்றார்.

"போதும் சார், மேல ஏறுங்க. சளி பிடிச்சுக்கப் போவுது" என்றார்.

கரகம் புறப்பட்டது. எவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

வைகாசி பிறந்து சில நாளில், பொழுது விடியும்போது மணலுக்குள்ளிருந்து குஞ்சுகளின் குரல் கேட்டது. தவளை கத்துவதற்கும் பூனைக்குட்டி கத்துவதற்கும் இடைப்பட்ட ஒலி. தாய் சரிவில் ஏறி, முன்காலால் மணலை விலக்கி, ஒவ்வொன்றாக வாயில் எடுத்து, தண்ணீரில் கொண்டுபோய் விட்டது. ஒரு பெண்ணின் காலைக் கிழித்த அதே வாய். ஒரு குஞ்சின் தோலில்கூடப் பல் படவில்லை. எதிர்க்கரையில் என்னோடு அஞ்சலையும் இருந்தார். நான்தான் வரச்சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எம்புட்டு நிதானம் பாருங்க. என்கிட்ட மட்டும் அவசரப்பட்டுருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கோடையில் தாய் கல்லின் பக்கம் வரவேயில்லை. மே மாதத்தின் கடைசி வாரத்தில், மேலதிகாரியின் அறிவுரையை ஏற்காததற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. எழுத்தில் எந்த ஆணையும் எனக்கு வழங்கப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். மேலே ஏதும் நடக்கவில்லை. ஓய்வு பெற்றேன். இப்போது மாசி பிறந்ததும் ஊர்க்காரர்களே அந்தப் படித்துறையின் குறுக்கே முள்ளை வெட்டிப் போடுகிறார்கள், ஆனியில் எடுக்கிறார்கள். வேலியின் அடிவிளிம்பை ராஜலிங்கம் குத்திப் பார்ப்பதாகக் கேள்வி. ஒழுங்காகச் செய்கிறாரா என்று ஒருமுறை போய்ப் பார்த்தேன். செய்கிறார்.

என்னைப் பார்க்க வந்த இளைஞர்கள் புறப்படும்போது, துறை அண்மையில் வெளியிட்ட ஒரு சிறப்பு மலரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் கயிற்றால் கட்டுண்டு கிடக்கும் ஒரு பெரிய முதலையின் படம். பக்கத்தில் என் பெயரைப் போட்டு, ஊர்மக்களை அச்சுறுத்திய ஆட்கடி முதலையைத் துணிச்சலாகப் பிடித்தவர் என்று புகழ்ந்திருக்கிறார்கள். ஆற்றில் இறங்கி மந்திரம் சொல்லி அதை அடக்கினேன் என்று கைப்பேசிகளில் ஒரு கதை ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் பொய்.

படத்தில் இருப்பது ஆண் முதலை. அது எவரையும் கடிக்கவில்லை. அதைப் பிடித்தபோது நான் அந்தச் சரகத்தில் இல்லை. கடித்த முதலையை நான் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொன்னார்கள், மறுத்தேன். எனக்கு மந்திரம் எதுவும் தெரியாது. என் பணிக்காலத்தில் நான் பிடித்த முதலைகளின் எண்ணிக்கை பூஜ்யம்.